பாட்டிக்கு வாய் வரைந்த கதை

காக்கா வடை தூக்கிய கதையில் காக்காவை எல்லோருக்கும் தெரியும், நரியையும் தெரியும். வடை சுட்ட பாட்டி முதல் வரியோடு காணாமல் போய்விடுவாள். வடை போன பிறகு அவள் என்ன பேசினாள், யாரைத் திட்டினாள், அன்றைக்குப் போட்ட முதல் தேறியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. இதை வைத்து 70 நொடிக்கு ஒரு அனிமேஷன் செய்தேன். பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துப் புலம்புகிறாள். படம் அவ்வளவுதான். மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். நாலு மாதம் ஆயிற்று, இன்னும் முழுதாக முடியவில்லை.

நான் பகலில் கணக்கு எழுதுகிறவன். வரையத் தெரியும், பிரமாதமாக இல்லை. கையில் இருந்தவை: இரண்டாம் கையாக வாங்கிய ஒரு டிராயிங் டேப்லெட், வரைய இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா மென்பொருள், ஒலியைப் பதிவு செய்து வெட்ட ஆடாசிட்டி, சட்டையில் மாட்டுகிற சின்ன மைக் ஒன்று. இதே மாதிரி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு எங்கே வழுக்கும் என்று காட்டத்தான் எழுதுகிறேன். மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே என்பதற்கு வீடியோக்கள் ஆயிரம் கிடக்கின்றன, அதற்குள் போகப் போவதில்லை.

குரல் முதலில்

நம் ஊரில் டப்பிங் என்றால் படம் ஓட ஓட, அசைகிற வாய்க்குள் பேச்சைத் திணிப்பது. ஃபிலிம் காலத்தில் ஒரு துண்டுக் காட்சியின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கித் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசவைத்தார்கள். 'லூப்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. டப்பிங் எழுதுகிறவர்களின் திண்டாட்டமே உதடு ஒட்டுகிற இடம்தான். திரையில் ஆள் உதட்டை மூடினால் அங்கே ப, ம வருகிற ஒரு சொல்லைத் தேடியாக வேண்டும். ஜப்பானிலும் கார்ட்டூனுக்குப் பெரும்பாலும் படம் முதலில், குரல் பிறகு. அமெரிக்க ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் இது தலைகீழ்: நடிகர் முதலில் பேசிவிடுவார், வரைகிறவர் அதைக் கேட்டு வரைவார். அங்கேயும் விதிவிலக்கு உண்டு. 1930களில் ஃப்ளெய்ஷர் ஸ்டுடியோ எடுத்த பாப்பாய் படங்களில் அந்த மாலுமி வாயே அசையாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். வரைந்து முடித்த படத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தபோது ஜாக் மெர்சர் போன்றவர்கள் சொந்தமாகச் சேர்த்த முணுமுணுப்பு அது. யாரும் எழுதாததுதான் கடைசியில் அந்தப் பாத்திரத்தின் சுபாவமாகிப் போனது.

நான் குரலை முதலில் எடுப்பது என்று முடிவு செய்தேன். என் வரைதலை நம்பி ஒரு நடிகரைப் பேசச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

குரல் என் பெரிய அத்தை. வயது 71. சத்துணவுக் கூடத்தில் 26 வருஷம் சமைத்தவர். இருநூறு பிள்ளைகளை மைக் இல்லாமல் வரிசையில் உட்காரவைத்த தொண்டை.

அலமாரிக்குள் ஒரு ஸ்டுடியோ

குளியலறையில் பேசவைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கூடத்தில் பேசவைத்தால் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் சேர்த்துக் கொடுத்தது. கடைசியில் அத்தையின் சேலை அலமாரிதான் கைகொடுத்தது. இரண்டு கதவையும் விரியத் திறந்து, கதவுகளின் மேல் ஜமுக்காளத்தைப் போட்டு, நடுவில் ஸ்டூலைப் போட்டு அத்தையைச் சேலைகளைப் பார்த்து உட்காரவைத்தேன். பருத்திச் சேலை மடிப்பு மடிப்பாகத் தொங்கினால் எதிரொலியை அப்படியே விழுங்கிவிடும். பட்டுச் சேலை அவ்வளவு போதாது. அத்தையிடம் பட்டு கொஞ்சம்தான் என்பதால் பிரச்சினை இல்லை.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, கன்னத்துப் பக்கம் சாய்த்து வைத்தேன். நேராக வைத்தால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று வந்து மைக்கில் மோதி டொப் என்று வெடிக்கும். வடைப் பாட்டி கதையில் பானாவுக்குப் பஞ்சமில்லை: பாட்டி, பருப்பு, உப்பு, அடுப்பு, போச்சு. 48,000 ஹெர்ட்ஸில் பதிவு. சத்தத்தின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். யாரும் பேசாமல் அறையின் வெறும் ஓசையை ஒரு நிமிஷம் தனியாகப் பதிவு செய்தேன். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் இதைப் போடாவிட்டால், காதை யாரோ பொத்திப் பொத்தி எடுப்பது போல இருக்கும். ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாதம், திண்டுக்கல். அத்தை என்னைத் திட்டியதும் பதிவாகியிருக்கிறது.

நான் எழுதிக் கொடுத்த முதல் வரி: "ஒரு வடைக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?" அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்துப் படித்தார். பஞ்சாயத்து ஆபீஸில் அறிவிப்பு வாசிப்பது போல இருந்தது. இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் கோபமாக என்றேன். அதே அறிவிப்பு, சத்தமாக. ஏழு டேக். தாளைப் பிடித்திருந்த வரைக்கும் அத்தை எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார், பேசவே இல்லை.

தாளைப் பிடுங்கிவிட்டு, "போன மாசம் மாடியில காயப்போட்ட வத்தல காக்கா கொத்திருச்சே அத்தை, அன்னைக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் செய்த டைரக்‌ஷன். நாலு நிமிஷம் பொரிந்து தள்ளினார். "ஆத்தி! எண்ணெய் விக்கிற வெலையில ஒரு வடை போனா ஒங்கப்பனா குடுப்பான்? உளுந்து ஊற வச்சு, ஆட்டி, இந்த அடுப்புல வெந்து கெடக்கேன். காக்கா அழகாப் பாடுச்சாம், நரி தந்திரமாப் பேசுச்சாம். ஊரே அதுகளப் பத்திப் பேசுது. என்னைய எவனாச்சும் கேட்டானா? ம்க்கும்!" வத்தலை வடையாக மாற்றிக்கொள்ள அவருக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. அந்த நாலு நிமிஷத்தில் 58 நொடியை எடுத்தேன். நான் எழுதிய வசனத்தில் ஒரு வரிகூடப் படத்தில் இல்லை.

பொரிந்து தள்ளுவதற்கு முன்னால் இன்னொன்றும் நடந்தது, அதுவும் அவர் யோசனை. பாட்டிக்குப் பல் இருக்கிறதா என்று கேட்டார். பொக்கை வாய் என்றேன். உடனே பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். குரல் பத்து வயது கூடிப்போனது. ச, த எல்லாம் ஓரத்தில் கசிந்தன. 'வடை' என்று சொல்லும்போது வகரம் வழுவழுத்து வந்தது. அதன் காரணம் எனக்கு இரண்டு மாதம் கழித்து, அதை வரையும்போதுதான் புரிந்தது.

முத்தம் கொடுக்கும் பாட்டி

குரலை வெட்டித் தைத்த பிறகு நீளமான ரூல்டு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு கோடு ஒரு ஃப்ரேம், அதாவது திரையில் வந்து போகிற ஒரு தனிப் படம். 24 கோட்டுக்கு ஒரு கட்டம், அது ஒரு நொடி. 70 நொடிக்கு 1,680 கோடுகள். ஆடாசிட்டியில் ஒலி அலையைப் பெரிதாக்கி, எந்த ஒலி எந்தக் கோட்டில் விழுகிறது என்று பென்சிலால் எழுதினேன். கொஞ்ச நாளில் அலையைப் பார்த்தே படிக்க வந்துவிடும்: 'ப்ப' வருகிற இடத்தில் கோடு செத்துப்போய்ப் பிறகு திடீரென்று குத்தும், 'ச' புதர் மாதிரி அடர்ந்து நிற்கும், 'ஆ' பருத்துக் கிடக்கும். எக்ஸ்போஷர் ஷீட் என்று தொழிலில் சொல்வதன் ஏழை வீட்டுப் பதிப்பு இந்த நோட்டு.

எட்டு வாய் வரைந்துகொண்டேன். மூடியது, லேசாகத் திறந்தது, அகலத் திறந்தது, பக்கவாட்டில் இழுத்தது, குவிந்தது, வாய்க்குள் நாக்கு தெரிவது, கீழுதடு உள்ளே மடிந்தது, சும்மா இருக்கும்போது தொங்குகிற வாய். இணையத்தில் கிடைக்கும் வாய் அட்டவணைகள் எல்லாம் ஆங்கில எழுத்துக்கு. நம் எழுத்துக்கு ஒன்று கிடைக்குமா என்று தேடிக் கடைசியில் பிடித்தது, பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்த தொல்காப்பியப் பிறப்பியல். அகர ஆகாரம் "அங்காந்து இயலும்", அதாவது வாயைத் திறந்து. உ ஊ ஒ ஓ ஔ ஐந்தும் "இதழ் குவிந்து இயலும்". "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்". "பல் இதழ் இயைய வகாரம் பிறக்கும்". அனிமேட்டருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பு மாதிரியே இருந்தது. நோட்டின் அட்டையில் ஒட்டிவைத்தேன்.

வகரத்தின் கதை இங்கேதான் புரிந்தது. மேல்பல்லும் கீழுதடும் இயைந்தால்தான் அது பிறக்கும். பல்லையே டம்ளரில் போட்டுவிட்டால் உதடும் உதடும்தான் மிச்சம். அத்தையின் 'வடை' பாதி 'படை'யாக வந்தது அதனால்தான். கீழுதடு மடிகிற ஏழாவது வாயை அடித்துவிட்டு, இரண்டு உதடும் முழுக்க ஒட்டாமல் உரசுகிற ஒரு வாயைப் புதிதாக வரைந்தேன்.

இவ்வளவு சரியாகச் செய்துவிட்டு முதல் 20 நொடியை ஓட்டிப் பார்த்தால் பாட்டி ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் பார்ப்பவருக்கு முத்தம் கொடுத்தாள்.

போச்சு, முத்தம். கெடந்துச்சு, முத்தம். பேசுது, முத்தம். அக்கா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எட்டாவது முத்தத்தில் எனக்கு உறைத்தது. எழுத்தில் 'சு' இருக்கிறது, அதனால் உகரம், அதனால் குவிந்த வாய் என்று போட்டிருக்கிறேன். கண்ணாடி முன்னால் நின்று "போச்சு" என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் உதடு குவிவதே இல்லை, தட்டையாக நிற்கும். குற்றியலுகரம். அரை மாத்திரை என்று படித்தது, உதட்டுக்கு அரைச் சம்பளம் என்பது வரைக்கும் யோசித்ததில்லை. க ச ட த ப ற ஆறு வல்லினத்தின் மேல் ஏறி, தனிக்குறிலை அடுத்து வராமல், சொல்லின் கடைசியில் நிற்கிற உகரம் அது. 'மாவு' என்று சொன்னால் வகரம் வல்லினம் இல்லை, உகரம் முழுசாகக் குவியும். 'உளுந்து' எடுத்துக்கொண்டால் எழுத்தில் மூன்று உகரம், உதட்டில் இரண்டு குவிவுதான். 'உப்பு' முதலில் குவியும், பிறகு இறுக மூடும், கடைசியில் சும்மா விட்டுவிடும். பேச்சுத் தமிழில் பாதி வாக்கியம் 'ச்சு'விலும் 'து'விலும்தான் முடிகிறது. அத்தனையிலும் குவிந்த வாயை எடுத்துவிட்டுப் பாதி திறந்த தட்டை வாயைப் போட்டேன். மூன்று சாயங்கால வேலை. முத்தம் நின்றது.

அடுத்த பழுது இதன் தலைகீழ். "எல்லாம் என் நேரம்" என்று ஒரு வரி. எழுத்துப்படி இரண்டு மகர மெய், இரண்டுக்கும் உதட்டை மூடினேன். ஓட்டிப் பார்த்தால் பாட்டி செய்தி வாசிப்பவர் மாதிரி கச்சிதமாக வாயைச் சாத்துகிறாள், குரல் மட்டும் மூக்கு வழியாக இழுத்துக்கொண்டு போகிறது. பேச்சில் நாம் கடைசி 'ம்'முக்கு உதட்டை மூடுவதே இல்லை. 'நேரம்' என்று எழுதுகிறோம், வாயைத் திறந்தபடியே மூக்கில் முடிக்கிறோம். இரண்டு மூடிய வாயையும் அழித்தேன், திறந்த வாயை அப்படியே 9 ஃப்ரேம் நிறுத்தினேன். அந்த வாக்கியத்தின் சலிப்பு முழுக்க அந்தத் திறந்த வாயில்தான் உட்கார்ந்திருந்தது.

ழகரத்தைப் பற்றி ஒரு வரி: அதற்குத் தனி வாய் வேண்டியதே இல்லை. ல, ள, ழ மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான், வித்தை எல்லாம் உள்ளே. தமிழன் நெஞ்சை நிமிர்த்துகிற எழுத்து, அனிமேட்டருக்கு ஓசி.

இதற்கெல்லாம் பிறகு ஒரு சொல்லை எப்படிப் பிரித்தேன் என்று காட்டுகிறேன். காக்காவைப் பார்த்துப் பாட்டி "போப்பா" என்கிறாள். அலையில் 18 ஃப்ரேம், முக்கால் நொடி. ப: மூடிய வாய் 2 ஃப்ரேம். ஓ: குவிந்த வாய் 5. ப்ப: மூடிய வாய் 4, அதில் நடு இரண்டில் உதட்டை இன்னும் நசுக்கியிருக்கிறேன். ஆ: திறந்த வாய் 7, அதில் கடைசி மூன்றில் முகவாய் தொங்குகிறது. மூடிய வாயை ஒரே ஒரு ஃப்ரேம் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, குறைந்தது இரண்டு வேண்டும். இடம் போதாவிட்டால் பக்கத்து உயிரெழுத்திலிருந்து திருடிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எல்லா வாயையும் ஒலிக்கு 2 ஃப்ரேம் முன்னாலேயே வைத்துவிட்டேன். சரியாக ஒலியின் மேலேயே வைத்தால் ஏனோ வாய் பின்தங்கி வருவது போலத் தெரிகிறது.

கடைசியில் முதலில் வைத்த வாய்களில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிவிட்டேன். வேகமாகப் பேசுகிற இடத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வாய் போட்டால் பல் கிட்டிப்போன மாதிரி படபடக்கிறது. காதுக்கு எது தூக்கலாகக் கேட்கிறதோ அதற்கு மட்டும் வாய். மற்றது தானாக ஒட்டிக்கொள்கிறது.

கழுத்தில் ஒரு துண்டு

உடம்பு வேலையைச் சுருக்க ஹன்னா-பார்பெரா ஸ்டுடியோவின் பழைய தந்திரத்தை எடுத்துக்கொண்டேன். தொலைக்காட்சிக்குக் குறைந்த செலவில் படம் தள்ள வேண்டியிருந்ததால், யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் மாட்டினார்கள். காலருக்கு மேலே தலை தனி, கீழே உடம்பு தனி. பேசும்போது தலையை மட்டும் வரைந்தால் போதும், ஒட்டு தெரியாது. பாட்டிக்கு டை கட்ட முடியாது. வியர்வை துடைக்கிற ஒரு ஈரிழைத் துண்டைக் கழுத்தில் போட்டேன். அடுப்படிக்குப் பொருத்தமாகவும் இருந்தது, மூன்று இடத்தில் அவள் அதை இழுத்து முகத்தையும் துடைக்கிறாள். காக்காவுக்கு அந்தக் கவலையும் இல்லை. ஊர்க்காக்கைக்குக் கழுத்தைச் சுற்றிச் சாம்பல் பட்டை இயற்கையாகவே உண்டு. அண்டங்காக்கை என்றால் முழுக் கறுப்பு, மாட்டிக்கொண்டிருப்பேன்.

உடம்பை இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வைத்தேன், நொடிக்கு 12. கணக்குப்படி 840 படம். அதில் சும்மா உட்கார்ந்திருப்பது, திரும்ப எடுத்துப் போடுவது எல்லாம் போக, உண்மையில் வரைந்தது 236.

காக்காவுக்குக் குரல் அக்கா மகன், ஆறாம் வகுப்பு. வடை வாயில் இருக்கும்போது அது பேச முயன்றால் எப்படி இருக்கும்? நிஜ வடையைக் கவ்விக்கொண்டு பேசச் சொன்னேன். முதல் டேக் அற்புதம். இரண்டாவது டேக்குக்கு வடை இல்லை.

மூச்சு

வாய் எல்லாம் சரியாகிவிட்டது, ஆனாலும் பாட்டியைப் பார்த்தால் நன்றாகச் செய்த பொம்மையாகத்தான் தெரிந்தாள். பத்து நாள் எதுவும் புரியவில்லை. கண் சிமிட்டலைக் கூட்டினேன், புருவத்தை ஏற்றி இறக்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

பழுது ஒலியில் இருந்தது. சுத்தம் செய்கிறேன் என்று வசனங்களுக்கு நடுவே கேட்ட மூச்சையெல்லாம் நான் வெட்டி எறிந்திருந்தேன். மூல ஒலியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினேன். திட்டுவதற்கு முன்னால் அத்தை இழுக்கிற நீளமான மூச்சு. "என்னைய எவனாச்சும்" என்பதற்கு முன்னால் அரைகுறையாக நிற்கிற ஒரு மூச்சு. எச்சில் விழுங்குவது. ஒவ்வொரு மூச்சுக்கும் 6 ஃப்ரேம் முன்னால் பாட்டியின் தோள் கொஞ்சம் உயரும்படி வரைந்தேன். பத்துப் பதினைந்து கோடுதான் கூடியது. பாட்டி பேசப் போகிறாள் என்று அவள் பேசும் முன்பே தெரிந்தது. ஒரு குரல் கேட்டாலே ஆள் கண்முன் வருவதன் ரகசியம் சொல்லில் பாதிதான் இருக்கும்போல. மிச்சப் பாதி சொல்லுக்கு முன்னாலும் பின்னாலும் நாம் வெட்டி எறிகிற குப்பையில் கிடக்கிறது.

அதிலும் அந்த 'ம்க்கும்'. எந்த அகராதியிலும் அதன் முழு அர்த்தம் கிடைக்காது. அதோடு முகவாயைத் தோளில் ஒரு இடி இடிப்பதும் சேர்ந்தால்தான் அது முழுச் சொல். 15 ஃப்ரேமில் முடிகிற இந்த ஒரு அசைவுக்கு நான்கு இரவு செலவழித்தேன், ஒரு நிமிஷத்துக்குக்கூட வருத்தம் இல்லை. முதலில் தோளை நோக்கி முகவாய் போகும்படி வரைந்தேன், கழுத்துப் பிடித்துக்கொண்டவள் மாதிரி இருந்தது. பிறகு அத்தையை உட்காரவைத்துச் செய்யச் சொல்லி ஃபோனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். தலை முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் போகிறது. கண் மூடுகிறது. தோள் மேலே வருகிறது, முகவாய் கீழே வருகிறது, இரண்டும் நடுவழியில் சந்திக்கின்றன. இடித்த பிறகு தலை நேராகத் திரும்புவதில்லை, ஒரு வளைவு போட்டு மேலே பார்த்துவிட்டுத்தான் வருகிறது. கண் கடைசியில் திறக்கிறது, அதுவும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு. எட்டுப் படம். 'ம்'மில் தலை எதிர்ப்பக்கம், 'க்'கில் இடி, 'கும்'மில் வளைவு. ஒலியும் படமும் பொருந்திய அந்த ராத்திரி மணி ஒன்றரை இருக்கும், அதை மட்டும் நாற்பது தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன். நான் கோடு போட்ட ஒரு ஆள் என்னை அலட்சியப்படுத்துகிறாள்!

2.8 நொடி எங்கே போயிற்று

எல்லாவற்றையும் எடிட்டிங்கில் சேர்த்து ஏற்றுமதி செய்தேன். தொடக்கத்தில் கச்சிதம். 30ஆவது நொடியில் வாய் முந்துகிறது. கடைசியில் பாட்டி எல்லாம் பேசி முடித்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, குரல் மட்டும் தனியாகத் திட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வாயாக நகர்த்த ஆரம்பித்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பாழ். தப்பு ஓரிடத்தில் என்றால் ஓரிடத்தில் மட்டும் தெரியும். போகப் போகக் கூடிக்கொண்டே போகிற தப்பு என்றால் அது வேகத்தில் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது முதல் நாளே பட்டிருக்க வேண்டும். படம் 24 ஃப்ரேமில் வரைந்தது. எடிட்டிங்கில் ஒரு பழைய கல்யாண வீடியோவின் அமைப்பை அப்படியே எடுத்து வைத்திருந்தேன், அது 25. ஆக 1,680 ஃப்ரேம் 67.2 நொடியில் ஓடி முடிந்துவிட்டது, ஒலி 70 நொடி. அமைப்பில் ஒரு எண்ணை மாற்றினேன், ஞாயிற்றுக்கிழமை நகர்த்தியதையெல்லாம் திரும்பப் பழைய இடத்துக்கு நகர்த்தினேன்.

பின்னணி ஓசைகள் ஒரே மாலையில் முடிந்தன. வடை பொரிகிற சத்தத்தை நிஜ எண்ணெய்ச் சட்டியிலேயே எடுத்தேன். ஆனால் கண்ணை மூடிக் கேட்டால் மழை பெய்வது போலவே இருந்ததால், மாவு விழுகிற 'சொய்ங்' ஒவ்வொன்றையும் தனியாகத் தூக்கலாக வைக்க வேண்டியிருந்தது. காக்காவின் சிறகடிப்பு ஒரு பனை ஓலை விசிறி.

கரண்டி

போன வாரம் அத்தையிடம் போட்டுக் காட்டினேன். பல்செட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். தன் குரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ம்க்கும் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். முடிந்ததும் கேட்டார்:

"ஏண்டா, அவ என்ன நொட்டாங்கைக்காரியா?"

பாட்டி 70 நொடியும் ஜல்லிக்கரண்டியை இடது கையில் பிடித்திருக்கிறாள். பாவனைகளை நானே நடித்து ஃபோனின் முன்பக்க கேமராவில் பதிவு செய்து அதைப் பார்த்து வரைந்தேன். அது கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டியிருக்கிறது. நாலு மாதம் தினமும் பார்த்த எனக்குத் தெரியவில்லை, 26 வருஷம் கரண்டி பிடித்தவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நொட்டாங்கைக்காரி என்றே விட்டுவிடலாமே என்றேன். "எண்ணெய்ச் சட்டி அவ வலது பக்கத்துல இருக்கு, இடது கையால குறுக்க எட்டி எடுத்தா முழங்கை பொசுங்கிரும்" என்றார்.

மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் புரட்டிப் போட்டேன். கரண்டி வலது கைக்கு வந்தது. முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. மூக்குத்தியும் இடம் மாறிவிட்டது. சட்டியும் கூடவே அவளுக்கு இடது பக்கம் போய்விட்டது. அத்தையிடம் காட்டாமலே பழையபடி புரட்டிவிட்டேன்.

ஆக, கைகளை மட்டும் புதிதாக வரைய வேண்டும். மொத்தம் 31 படம். நேற்று ராத்திரி வரைக்கும் 19 முடிந்திருக்கிறது.